நிக்கான் டி7000, கேனான் 60டி: பழைய கேமரா பாடியில் எதை எடுப்பது?

#1 மேகமூட்டம்

வணக்கம். செகண்ட் ஹேண்டில் இரண்டு செட் என் பட்ஜெட்டுக்குள் வருகின்றன. ஒன்று நிக்கான் டி7000, 18-105 விஆர் (கை நடுக்கம் தாங்கும்) லென்ஸோடு. இன்னொன்று கேனான் 60டி, 18-135 ஐஎஸ் (அதே வசதி) லென்ஸோடு. இரண்டு பாடியும் 2010-இல் வந்தவை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். தேவை: வீட்டு விசேஷம், மண்டபத்துக்குள் ஆட்கள், எப்போதாவது பறவை, கொஞ்சம் வீடியோ. கையில் இருப்பது பழைய நிக்கார் 50 மி.மீ. எஃப்/1.8டி ஒன்று மட்டும். மிரர்லெஸ் வாங்கச் சொல்ல வேண்டாம், அவ்வளவு காசு இல்லை.

#2 பட்டறை

அந்த 50 இருக்கிறதென்றால் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார், மவுன்ட்டில் (லென்ஸ் மாட்டும் இடத்தில்) துருத்திக்கொண்டிருக்கும் சின்னத் திருகு வழியாக லென்ஸைச் சுழற்றுகிறது. டி3100, டி5100 மாதிரி சின்ன பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. டி7000-இல் உண்டு, ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும், கொஞ்சம் சத்தத்தோடு.

மாட்டியதும் லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் 'எஃப்ஈஈ' என்று மின்னும், ஷட்டர் விழாது. கேமரா போச்சு என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இதற்காகத்தான் பாதிப்பேர்.

கையால் மட்டும் ஃபோகஸ் ஆகும் பழைய ஏஐ, ஏஐ-எஸ் லென்ஸ்களும் இதில் மீட்டரோடு (வெளிச்சத்தை அளந்துகொண்டு) ஓடும். மெனுவில் 'நான்-சிபியு லென்ஸ் டேட்டா' போய் குவியத்தூரமும் அதிகபட்ச அப்பர்ச்சரும் கொடுத்தால் போதும். மொத்தம் 9 லென்ஸ் சேமிக்கலாம். ஆனால் மாற்றம் செய்யப்படாத ஏஐ-க்கு முந்தைய லென்ஸை மாட்டிவிடாதீர்கள். மவுன்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை அது உடைத்துவிடும்.

புதிதாக லென்ஸ் தேடும்போது ஏஎஃப்-பி என்று தொடங்குவதைத் தள்ளிவிடுங்கள். டி7000-இல் அது ஃபோகஸே ஆகாது. 18-55, 70-300 இரண்டிலும் அந்த வகை சந்தையில் நிறையச் சுற்றுகிறது. ஏஎஃப்-எஸ் என்றால் தாராளமாக வாங்கலாம்.

#3 எஃப்_எட்டு

ஒரு லென்ஸுக்காகப் பாடியை முடிவு செய்ய வேண்டியதில்லை. நிக்கான் மவுன்ட்டின் ஆழம் (சென்சார் வரை) 46.5 மி.மீ., கேனான் 44 மி.மீ. நடுவில் இருக்கும் 2.5 மி.மீ. இடைவெளியில் கண்ணாடியே இல்லாத வெறும் வளையம் ஒன்று போட்டால் நிக்கான் லென்ஸ் 60டி-யில் உட்காரும், தூரத்துக் காட்சியும் தெளியும். டி வகையில் அப்பர்ச்சர் வளையம் இருப்பதால் வெளிச்சத்தையும் கையால் கட்டுப்படுத்தலாம். ஆட்டோ ஃபோகஸ் கிடைக்காது, அவ்வளவுதான். எம்42 திருகு லென்ஸ்களும் இதே மாதிரி 60டி-யில் ஏறும். நிக்கானில் எம்42 போட்டால் நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் வேண்டும், இல்லையேல் தூரம் தெளியாது.

கையால் ஃபோகஸ் செய்கிறவர்களுக்கு 60டி-யில் இன்னொரு வசதி: வியூஃபைண்டர் திரையைக் கழற்றி ஈஎஃப்-எஸ் என்ற ஃபோகஸ் திரை போடலாம். எஃப்/2.8-க்கும் அகலமான லென்ஸில் ஃபோகஸ் விலகுவது கண்ணுக்கே தெரியும். போட்டபிறகு கஸ்டம் ஃபங்ஷனில் திரையின் வகையை மாற்ற மறந்தால் மீட்டர் தவறிப்போகும். கிட் லென்ஸோடு (பாடியோடு சேர்ந்து வரும் லென்ஸ்) அந்தத் திரை இருட்டாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றபடி திரும்பும் திரை, 1080-இல் நொடிக்கு 30, 25, 24 மூன்று வேகம், ஒலியளவைக் கையால் வைக்கும் வசதி. ரா (பதப்படுத்தாத மூல ஃபைல்) எடுத்தால் தொடர்ந்து 16 படம் பஃபரில் (கார்டில் எழுதும் முன் தங்கும் நினைவகத்தில்) நிற்கும். டி7000-இல் 14 பிட் ராவில் ஏறக்குறைய 10 தான். நொடிக்கு 6 படம் என்று விளம்பரம் சொல்கிறது, இரண்டு நொடிகூடத் தாங்காது. 60டி 5.3 படத்தில் மூன்று நொடி ஓடும். பறவை பறக்கிற நேரத்தில் அந்த ஒரு நொடி பெரிது.

#4 கருவிழி

பஃபர் விஷயம் சரி. சென்சாரைப் பற்றி யாரும் பேசவில்லை, இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையான பெரிய வித்தியாசம் அங்கேதான்.

60டி-யில் 18 மெகாபிக்சல், டி7000-இல் 16.2. அந்த எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம், அச்சில் தெரியாது. சென்சார் சோதிக்கும் டிஎக்ஸ்ஓமார்க் தளத்தின் அளவீட்டில், குறைந்த ஐஎஸ்ஓ-வில் (ஒளியுணர்திறனில்) இருட்டிலிருந்து வெளிச்சம் வரை பிடிக்கும் வீச்சு (டைனமிக் ரேஞ்ச்) டி7000-க்கு 13.9 ஸ்டாப், 60டி-க்கு 11.5. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இரண்டு ஸ்டாப்புக்கும் மேல். காரணம், கேனானின் அந்தக் கால சென்சார்களில் சிக்னலை வெளியே எடுத்து எண்ணாக மாற்றும் இடத்தில் இரைச்சல் சேர்ந்துவிடும். ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த படத்தின் நிழலை மூன்று ஸ்டாப் தூக்கினால் வெறும் புள்ளியாக வராது, கோடு கோடாக வரும். புள்ளியை மென்பொருள் துடைத்துவிடும். கோட்டைத் துடைப்பது கடினம். கறுப்பு கோட்டு, பட்டுப்புடவையின் இருண்ட மடிப்பு, கறுத்த முடி, இங்கெல்லாம் உடனே பல்லிளிக்கும்.

இதைத் தெரிந்துகொண்டு வேலை செய்தால் 60டி-யிலும் நல்ல படம் வரும். ஐஎஸ்ஓ-வைக் கேமராவிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும், பிறகு கம்ப்யூட்டரில் தூக்குவது கூடாது. ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் முட்டும் வரை வெளிச்சம் கொடுங்கள். டி7000-இல் நேர்மாறு: வெள்ளை எரியாமல் அரை, ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்து நிழலைப் பிறகு தூக்கலாம்.

மீட்டரும் அப்படியே. டி7000-இன் மேட்ரிக்ஸ் மீட்டர் ஃபோகஸ் புள்ளியின் மேல் அதிகம் சாயும். இருண்ட முகத்தில் புள்ளியை வைத்து, பின்னால் வானம் இருந்தால் வானம் வெளுத்துவிடும். அதற்கு −0.7 காம்பன்சேஷனில் (மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் குறைக்கும் திருத்தம்) தொடங்கலாம்.

#5 எஃப்_எட்டு

அந்த இரண்டு ஸ்டாப் கதை ஐஎஸ்ஓ 100-க்கு. மண்டபத்துக்குள் 1600, 3200 போடுவார். அங்கே இடைவெளி நன்றாகவே சுருங்கிவிடும். வெயிலில் நிலக்காட்சி எடுப்பவருக்குச் சொல்ல வேண்டியதைக் கல்யாண மண்டபத்துக்குச் சொல்கிறீர்கள்.

#6 கருவிழி

சுருங்கும், மறையாது. ஆனால் மண்டபத்துக்கு ஃபோகஸ்தான் முக்கியம் என்பதில் தகராறு இல்லை.

#7 பட்டறை

ஃபோகஸைப் பேசுவோம். டி7000-இல் 39 புள்ளி, அதில் நடுவில் இருக்கும் 9 மட்டும் குறுக்கு வகை (நெடுக்குக் கோடு, கிடைக்கோடு இரண்டையும் பிடிப்பது). 60டி-யில் மொத்தமே 9 புள்ளி, ஒன்பதும் குறுக்கு வகை. நடுப்புள்ளி எஃப்/2.8 லென்ஸோடு இன்னும் கூர்மையாகும். ஓரப் புள்ளியில் நின்று முகம் எடுப்பவருக்கு 60டி-யின் ஓரம் நம்பகமானது. நகரும் பொருளைத் துரத்த டி7000-இன் 39 புள்ளி உதவும். இருட்டில் டி7000 −1 ஈவி (வெளிச்ச அளவு, ஒரு ஈவி ஒரு ஸ்டாப்) வரை, 60டி −0.5 ஈவி வரை. அரை ஸ்டாப் என்பது பேப்பரில் உள்ள வித்தியாசம்.

60டி-யின் பெரிய குறை வேறு: ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஆட்டோ ஃபோகஸ் முன்னே பின்னே விலகினால் மெனுவில் திருத்துவது) இல்லை. முந்தைய 50டி-யில் இருந்தது, 60டி-யில் எடுத்துவிட்டார்கள், 70டி-யில் திரும்பக் கொடுத்தார்கள். கிட் லென்ஸின் எஃப்/5.6-இல் சிறிய விலகல் தெரியாது. எஃப்/1.8-இல் கண்ணுக்குப் பதில் காது தெளியும். 60டி-யில் அதற்கு வழி லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) எடுப்பது, இல்லாவிட்டால் சர்வீஸ்.

டி7000-இல் நீங்களே சரிசெய்யலாம். அட்டை, ஸ்கேல் எதுவும் வேண்டாம்:

கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள். நல்ல எழுத்துள்ள காகிதத்தை நேர் எதிரே ஒட்டுங்கள், 50 மி.மீ. லென்ஸுக்கு இரண்டு இரண்டரை மீட்டர் தூரம். அப்பர்ச்சர் 1.8. முதலில் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துத் துல்லியமாக ஃபோகஸ் செய்யுங்கள். இனி லென்ஸ் நகரவே கூடாது. அதனால் ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பொத்தானை முன்கூட்டியே ஏஎஃப்-ஆன் (ஃபோகஸை ஓட்டும்) வேலைக்கு மாற்றியிருக்க வேண்டும், அப்போது ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினாலும் மோட்டார் ஓடாது. லைவ் வியூவை விட்டு வெளியே வந்து, நடுப்புள்ளியில் பாதி அழுத்தி வியூஃபைண்டரின் இடக் கீழ் மூலையில் இருக்கும் பச்சைப் புள்ளியைப் பாருங்கள். ஏஎஃப் ஃபைன்-ட்யூன் மெனுவில் மதிப்பை −20-இலிருந்து +20 வரை நாலு நாலாக மாற்றி மாற்றிப் பாருங்கள். புள்ளி ஆடாமல் நிற்கும் எல்லை ஒன்று கிடைக்கும். −2 தொடங்கி +10 வரை நின்றால் நடுமதிப்பு +4. அதை வைத்துச் சேமியுங்கள்.

ஜூம் லென்ஸில் அதிகம் பயன்படுத்தும் முனைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். மறுமுனை மாறும், ஒரே மதிப்புதான் சேமிக்க முடியும்.

#8 மேகமூட்டம்

நன்றி அண்ணா, இப்போது புரிகிறது. நேரில் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? ஷட்டர் கவுன்ட் (இதுவரை எத்தனை முறை ஷட்டர் விழுந்தது) கேட்டதற்கு விற்பவர்கள் இருவரும் 'கம்மிதான்' என்கிறார்கள்.

#9 கருவிழி

வாய்வார்த்தையை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். டி7000-இல் எடுத்த ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே ஷட்டர் கவுன்ட் எழுதியிருக்கும், எக்சிஃப்டூல் என்ற மென்பொருளில் திறந்தால் தெரியும். ஒன்று: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த தேதியையும் பாருங்கள், போன வருஷத்துப் படத்தை அனுப்புவார்கள். 60டி ஃபைலுக்குள் அந்த எண்ணை எழுதாது. யூஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து ஜிபோட்டோ2 மாதிரி மென்பொருள் வழியாகத்தான் கேட்க வேண்டும். லேப்டாப் இல்லாமல் 60டி பார்க்கப் போகாதீர்கள்.

டி7000 ஷட்டர் 1,50,000-க்கும், 60டி 1,00,000-க்கும் சோதிக்கப்பட்டவை. அது உத்தரவாதம் அல்ல, அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு. வீடியோ எத்தனை மணி நேரம் ஓடியது என்பது இந்த எண்ணில் வராது.

பேட்டரிக்கும் ஆயுள் தெரியும். டி7000-இன் செட்டப் மெனுவில் பேட்டரி இன்ஃபோ என்று இருக்கும், அதில் வயது 0-இலிருந்து 4 வரை. 4 என்றால் புதிது வாங்கும் காசை விலையில் கழித்துக் கேளுங்கள். 60டி-யில் மூன்று பச்சைக் கட்டம் இருந்தால் நன்று, ஒற்றைச் சிவப்பு என்றால் முடிந்தது. ஈஎன்-ஈஎல்15 பேட்டரியில் 2012-இல் நிக்கான் சூடேறும் பிரச்சினைக்காக ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. 14 இலக்க லாட் எண்ணில் ஒன்பதாவது எழுத்து ஈ அல்லது எஃப் என்றிருந்தால் அது அந்தக் கூட்டம், பயன்படுத்த வேண்டாம்.

சென்சார்: எஃப்/16, ஐஎஸ்ஓ 100, வெள்ளைச் சுவர், ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்து, கேமராவை மெல்ல அசைத்துக்கொண்டே ஒரு படம். சுவரின் அழுக்கு கலைந்துபோகும், சென்சாரின் அழுக்கு மட்டும் நிற்கும். மங்கலான சாம்பல் பொட்டு தூசி, ஊதினால் போகும். ஓரம் தெளிந்த வட்டம் எண்ணெய்த் துளி, ஊதினால் போகாது. ஏபிஎஸ்-சி அளவு (இந்த இரண்டு பாடியின் சென்சார் அளவு) ஸ்வாபில் இரண்டு சொட்டு திரவம் விட்டு ஒரே திசையில் இழுக்க வேண்டும். அதற்குச் சென்சாருக்கு முன்னால் இருக்கும் மிரர் கண்ணாடியைத் தூக்கிப் பூட்டும் மெனு, பேட்டரி குறைந்திருந்தால் தேர்வாகவே ஆகாது. நல்லதற்குத்தான், நடுவில் கண்ணாடி விழுந்தால் எல்லாம் போச்சு.

பிறகு டி7000-இன் இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் தனித்தனியாகப் படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் 50-ஐ எடுத்துக்கொண்டு போய் மாட்டி பாடி மோட்டாரைச் சோதியுங்கள், ஏஎஃப்-எஸ் லென்ஸ் மட்டும் வைத்திருந்தவர் அதை ஓட்டியே இருக்க மாட்டார். 'எஃப்--' என்று வந்தால் மவுன்ட்டின் தொடுமுனைகள் அழுக்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். பென்சில் ரப்பர் வேண்டாம், தூள் உள்ளே விழும். கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் உப்பிக் கழன்றிருப்பது சகஜம், அது பெரிய விஷயமில்லை. கிட் லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்: 18-105-இன் மவுன்ட் பிளாஸ்டிக், கீழே விழுந்திருந்தால் அந்த மூன்று காதுகளில் ஒன்றில் விரிசல் இருக்கும்.

#10 எஃப்_எட்டு

60டி பக்கம் நான் சொல்கிறேன். திரையை முழுதாகத் திறந்து, திருப்பி, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் படம் சிமிட்டினாலோ கறுத்தாலோ உள்ளே போகும் ரிப்பன் வயர் தேய்ந்துவிட்டது. பின்சக்கரத்துக்கு நடுவில் இருக்கும் எட்டுத்திசை பொத்தானை எட்டுப் பக்கமும் அழுத்துங்கள், மூலைவாட்டில் சில நேரம் பிடிக்காது. மோட் சக்கரம் நடுப்பொத்தானை அழுத்தாமல் திரும்பக் கூடாது. திரும்பினால் பூட்டு போய்விட்டது.

லென்ஸை எஃப்/3.5-இல் வைத்து ஒரு படம், எஃப்/11-இல் வைத்து ஒரு படம். முதலாவது விழுந்து இரண்டாவதில் 'எர்ர் 01' வந்தால் பாடியைக் குறை சொல்லாதீர்கள். லென்ஸுக்குள் அப்பர்ச்சரை இயக்கும் ரிப்பன் உடைந்திருக்கும். முழுதாகத் திறந்திருக்கும்போது இதழ் நகர வேண்டியதில்லை, அதனால்தான் பழுது தெரியாது. ஜூமை இரு முனைக்கும் கொண்டுபோய் இதைச் செய்யுங்கள், ஒரு முனையில் மட்டும் வரும். 'எர்ர் 20', 'எர்ர் 30' வந்தால் விலையே பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். இயந்திரப் பகுதியும் ஷட்டரும் சேர்ந்து செலவு வைக்கும்.

மூடி போட்டு ஒரு நொடி, பிறகு 30 நொடி எடுத்தால் எரிந்த பிக்சல்கள் தெரியும். 60டி-யில் 'கையால் சுத்தம் செய்' மெனுவை ஓட்டி அரை நிமிடம் விட்டு அணைத்தால் சில பிக்சல்கள் மறைந்துபோவது பலருக்குப் பலித்த வழி. மூடி போட்டபடியே செய்யலாம்.

#11 ஈரக்காற்று

பாடியையே பேசுகிறீர்கள், கடலோர ஊரில் காசு போவது பூஞ்சையில். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கேனான் லென்ஸ் கழற்றினாலும் இதழ் திறந்தே இருக்கும். நிக்கானில் பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் திறக்கும். தள்ளி விட்டதும் பட்டென்று திரும்ப வேண்டும், சோம்பேறித்தனமாக வந்தால் இதழில் எண்ணெய். சிலந்திவலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. முன்கண்ணாடியின் ஓரத்தில் லேசாக இருந்தால் பேசி வாங்கலாம், நடுவில் ஒட்டுக்கண்ணாடிகளுக்கு இடையில் இருந்தால் வேண்டாம்.

வாங்கியபிறகு தோல் பையில் பூட்டி வைக்காதீர்கள். ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நிற்கும் பெட்டி போதும். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி போட்டும் சமாளிக்கலாம். ஜெல் நிறம் மாறியதும் வறுத்து உலர்த்த வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

#12 மேகமூட்டம்

வீடியோவுக்கு டி7000 ரொம்ப மோசமா? மண்டபத்து லைட்டில் கோடு ஓடும் என்றும் சொல்கிறார்கள்.

#13 எஃப்_எட்டு

கோடு ஓடுவது மின்சாரத்தால். நமக்கு 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட்டும் மலிவு எல்ஈடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் முழுத் துடிப்புகள் அடங்கும், கோடு வராது. டி7000 1080-இல் 24 வேகம் மட்டும்தான் தரும். புத்தகக் கணக்குப்படி 1/48 என்று தேடாமல் 1/50 வையுங்கள், சரியாகிவிடும். 60டி-யில் 'பிஏஎல்' (PAL) வீடியோ முறையைத் தேர்ந்து 25 வேகம், 1/50. போட்டோவுக்கும் இதேதான். 1/250-இல் வரிசையாக எடுத்தால் ஒரு படம் மஞ்சளாக, அடுத்தது இருட்டாக வரும்.

டி7000-இன் உண்மையான தொல்லை வேறு. லைவ் வியூவுக்குள் இருக்கும்போது அப்பர்ச்சரை மாற்றினால் எண் மட்டும் மாறும், இதழ் நகராது. வெளியே வந்து மாற்றி மறுபடி உள்ளே போக வேண்டும். கைவளையம் உள்ள ஏஐ-எஸ் லென்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கிளிப் 20 நிமிடத்தில் நிற்கும்.

60டி நிமிடத்துக்கு 330 எம்பி எழுதும், 4 ஜிபி ஆனதும் நின்றுவிடும், அதாவது 12 நிமிடம் சுமார். ஓடும்போது தானாகத் தொடரும் ஃபோகஸ் அதில் கிடையாது. டி7000-இல் உண்டு, ஆனால் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும், அணைத்து வைப்பதே மேல். மேஜிக் லான்டர்ன் (கேனான் கேமராவுக்கு வெளியார் எழுதிய கூடுதல் மென்பொருள்) 60டி-யில் 1.1.1 ஃபர்ம்வேருக்கு இருக்கிறது. ஃபோகஸ் பீக்கிங் (தெளிந்த ஓரத்தைக் காட்டுவது), ஜீப்ரா (வெளுத்த இடத்தைக் காட்டுவது), இன்டர்வெல் (இடைவெளி விட்டுத் தானாக எடுப்பது) எல்லாம் கிடைக்கும். ரா வீடியோ ஆசை வேண்டாம், கார்டுக்கு நொடிக்கு 20 எம்பி அளவுதான் எழுதும். கார்டு கதவைத் திறந்தால் விளக்கு அணையும் வரை பொறுத்துத்தான் கார்டை உருவ வேண்டும்.

வீடியோவே பாதி வேலை என்றால் 60டி. கொஞ்சம்தான் என்றால் என் ஓட்டும் டி7000-க்கே, அந்த 50-ஐ முன்னிட்டு.

#14 பட்டறை

மண்டபத்துக்கு இப்படித் தொடங்குங்கள்: எம் மோட் (ஷட்டர், அப்பர்ச்சர் இரண்டும் நம் கையில்), 1/100, எஃப்/2.2, ஆட்டோ ஐஎஸ்ஓ, உச்சம் 3200. டி7000-இல் எம் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ ஓடும்போதும் காம்பன்சேஷன் வேலை செய்யும், 60டி-யில் செய்யாது. இதை டி7000 மோட் சக்கரத்தின் யூ1-இல் (நம் அமைப்பை வைக்கும் இடம்) சேமித்துவிடலாம். பறவைக்கு யூ2: எஸ் மோட் (ஷட்டர் வேகம் மட்டும் நம் கையில்), 1/1000, ஏஎஃப்-சி (நகர்வதைத் தொடரும் ஃபோகஸ்). வரிசைப்படம் எடுக்கும் சக்கரம் தனி, அது யூ2-இல் சேராது, கையால் திருப்ப வேண்டும்.

வாங்கியதும் முந்தையவர் விட்டுப்போன அமைப்புகளைத் துடையுங்கள். குவால் பொத்தானையும் காம்பன்சேஷன் பொத்தானையும், அதாவது பச்சைப் பொட்டு உள்ள இரண்டையும், இரண்டு நொடிக்கு மேல் சேர்த்து அழுத்தினால் ரீசெட். ஆனால் அது போதாது. கஸ்டம் மெனுவில் எக்ஸ்போஷர் ஃபைன்-ட்யூன் என்று ஒன்று இருக்கிறது, 1/6 ஸ்டாப் படியில். யாராவது அதை −3/6-இல் வைத்திருந்தால் திரையில் எந்த அடையாளமும் வராது, எல்லாப் படமும் காரணமில்லாமல் இருட்டும். வெளிச்சம் அளக்கும் முறை மூன்றுக்கும் தனித்தனியாகப் பார்த்து பூஜ்யமாக்குங்கள். ஏஎஃப் ஃபைன்-ட்யூனிலும் சேமித்த பட்டியலைத் திறந்து பழைய லென்ஸ் மதிப்புகளை அழியுங்கள். அவர் 50 எஃப்/1.8டி வைத்திருந்தால் அவருடைய மதிப்பு உங்கள் லென்ஸுக்கும் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும்.